மூன்று பழைய டர்ன்டேபிள்கள்: எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது, எப்படி ஒப்பிடுவது?

உங்களிடம் லென்கோ எல் 75, தோரன்ஸ் டிடி 160, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்று மூன்று பழைய டர்ன்டேபிள்கள், அதாவது ரெக்கார்ட் பிளேயர்கள், இருக்கின்றன. மூன்றும் ஓடுகின்றன. லென்கோவில் பாஸ் (அடித்தொனி) கனமாக வருகிறது, தோரன்ஸ் மென்மையாகவும் கொஞ்சம் மந்தமாகவும் இருக்கிறது, டெக்னிக்ஸ் துல்லியமாக இருந்தாலும் வறட்சியாகக் கேட்கிறது என்கிறீர்கள். லென்கோவுக்குக் கனமான பிளின்த் (அடிப்பெட்டி), தோரன்ஸுக்கு வேறு டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை), டெக்னிக்ஸுக்குப் புது வயரிங், இவற்றில் எதை முதலில் செய்யலாம், கடைசியில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: மூன்றிலும் வேறு வேறு கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்குறியாக மாற்றும் பாகம்), லென்கோவில் இருப்பது அதோடு வந்த பழைய ஊசி. என்னைப் பொறுத்தவரை அந்த வரிதான் கேள்வியின் மையம். காதில் விழும் இந்த வித்தியாசத்தில் எவ்வளவு டர்ன்டேபிளுடையது, எவ்வளவு அதன்மேல் மாட்டியிருப்பவற்றுடையது? அது தெரியாமல் பிளின்த்துக்கு மரம் அறுக்க ஆரம்பிக்க வேண்டாம்.

பல வருடமாக இந்த மாதிரிக் கருவிகளைப் பிரித்துப் பழுது பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் மூன்றையும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டு வாருங்கள். பிறகு ஒரே கார்ட்ரிட்ஜில் ஒப்பிடுங்கள். மாற்றங்கள் அதற்கு அப்புறம், ஒரு சமயத்தில் ஒன்று. இந்த வரிசையில் போனால், செய்ய நினைத்த மாற்றங்களில் பாதி தேவைப்படாமலே போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மூன்றும் பிளாட்டரை, அதாவது ரெக்கார்ட் வைக்கும் தட்டைச் சுற்றும் விதம் வேறு. அதனால் மூன்றுக்கும் வரும் நோயும் வேறு. லென்கோவில் நான்கு போல் (காந்த முனை) மோட்டாரின் தண்டு கூம்பு வடிவில் இருக்கும். ரப்பர் விளிம்பு கொண்ட ஒரு சிறு சக்கரம் நின்ற வாக்கில் அந்தத் தண்டையும் பிளாட்டரின் அடிப்பக்கத்தையும் ஒரே சமயத்தில் தொட்டுக்கொண்டு சுற்றும். இதுதான் ஐட்லர் வீல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த மோட்டார் வினாடிக்கு ஏறக்குறைய 25 முறை சுற்றுகிறது. அதன் அதிர்வு எல்லாம் ரப்பர் வழியாக நேராகப் பிளாட்டருக்குப் போகும். தோரன்ஸில் இருப்பது 16 போல் சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் அலைவெண்ணோடு ஒத்துச் சுற்றுவது), வினாடிக்கு 6 சுற்றுக்குக் கொஞ்சம் மேல். நடுவில் பெல்ட் இருக்கிறது, பிளாட்டரும் ஆர்மும் மூன்று ஸ்பிரிங்கின் மேல் மிதக்கும் தனித் தட்டில் நிற்கின்றன. டெக்னிக்ஸில் சக்கரமும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பிளாட்டரே மோட்டாரின் சுழலும் பாகம், வேகத்தைக் குவார்ட்ஸ் படிகத்தோடு ஒப்பிட்டு ஒரு சர்க்யூட் பிடித்து வைக்கிறது. மோட்டாரே நேராகப் பிளாட்டரைச் சுற்றும் முறையை 1970இல் எஸ்பி-10 மூலம் டெக்னிக்ஸ் சந்தைக்குக் கொண்டுவந்தது, குவார்ட்ஸ் அதில் பிறகு சேர்ந்தது. உங்களிடம் இருக்கும் எம்கே2 அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்தது.

வேலையை மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். லென்கோ, தோரன்ஸ் காலத்துக் கருவிகள் பலவற்றில் இரண்டு கம்பிதான் வரும், எர்த் இருக்காது. அடித்தகட்டைக் கழற்றினால் மெயின்ஸ் முனைகள் திறந்தே கிடக்கும். சுவிட்சின் குறுக்கே பொறியை அடக்க ஒரு கப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அந்தக் காலத்துக் காகித வகையாக இருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், வயதானால் அது புகைந்து வெடிக்கும். அதன் இடத்தில் மெயின்ஸுக்கு என்றே தயாராகும் எக்ஸ்2 வகைதான் போட வேண்டும். மின்னழுத்தத் தேர்வு உங்கள் மின்சாரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த வேலையில் கை பழகாதவர் என்றால் இதை மட்டுமாவது தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

அடுத்தது நடு பேரிங், பிளாட்டரின் தண்டு சுற்றும் குழல். பழைய டர்ன்டேபிளில் அங்கே விடும் எண்ணெய் செய்யும் அளவு வேலையை எந்த விலை உயர்ந்த உதிரியும் செய்து நான் பார்த்ததில்லை. தோரன்ஸில் உள்பிளாட்டரை மெதுவாக நேராகத் தூக்கினால் ஸ்பிண்டில் (நடுத்தண்டு) வெளியே வரும். அதில் கருப்பாகவோ தேன் நிறத்திலோ பசைபோல ஒட்டியிருப்பது பல வருடம் காய்ந்த எண்ணெய். பஞ்சு இழை விடாத துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நனைத்துத் துடையுங்கள். ஒரு குச்சியில் துணி சுற்றிக் குழலுக்குள்ளும் விட்டு, துணி சுத்தமாக வரும்வரை துடையுங்கள். டர்பைன் ஆயில் வகையில் சில சொட்டு விட்டு, ஸ்பிண்டிலைத் திரும்ப இறக்குங்கள். பேரிங் நல்ல நிலையில் இருந்தால் அது தொப்பென்று விழாது. உள்ளே சிக்கிய காற்று வெளியேற இடமில்லாமல், தன் எடையில் மெல்ல மெல்ல அமிழும். அதை அழுத்தித் தள்ள வேண்டாம், தானாக இறங்கட்டும். சட்டென்று விழுந்து, பக்கவாட்டில் ஆட்டினால் டக் டக் என்று சத்தமும் வந்தால் தேய்மானம் இருக்கிறது என்று பொருள். தேய்ந்த பேரிங்கை எந்த எண்ணெயாலும் காப்பாற்ற முடியாது.

துரு நீக்கும் ஸ்ப்ரேயை மட்டும் பேரிங்கிலும் மோட்டாரிலும் அடித்துவிடாதீர்கள். அடித்த அன்று அருமையாகச் சுற்றும். அது ஒரு கரைப்பான், இருக்கிற நல்ல எண்ணெயையும் கழுவிவிட்டு ஆவியாகிவிடும், சில வாரத்தில் முன்னைவிட மோசமாகும். மோட்டாரின் இரு முனையிலும் இருக்கும் வெண்கலப் புஷ்கள் நுண்துளை உள்ளவை, எண்ணெயை உறிஞ்சி வைத்திருப்பவை. அவற்றைத் துடைத்து, புது எண்ணெயை உறிஞ்ச நேரம் கொடுத்து மாட்ட வேண்டும். டெக்னிக்ஸில் இந்த வேலை கிட்டத்தட்ட இல்லை. பிளாட்டரை எடுத்துவிட்டு நடுத்தண்டில் இரண்டு மூன்று சொட்டு போதும்.

லென்கோவில் ரப்பர்ச் சக்கரத்தை விரல் நகத்தால் தொட்டுப் பாருங்கள். பளபளப்பாக, கண்ணாடிபோல் கெட்டியாக இருந்தால், நுண்ணிய உப்புக்காகிதத்தால் சக்கரம் சுற்றும்போதே லேசாகத் தொட்டு அந்த மேல்படலத்தை எடுக்கலாம். ஒரே இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் சீராக ஒரு தட்டல் ஒலி வரும். அதற்கு ரப்பரை மாற்றுவதுதான் வழி. பிளாட்டரின் அடியில் சக்கரம் ஓடும் பாதையையும் மோட்டார் தண்டையும் ஆல்கஹாலில் துடைத்த பிறகு அங்கே விரல் படக் கூடாது. இந்த மோட்டார் தொங்குவது ஸ்பிரிங்குகளில். யாரோ ஒருவர் முன்பு அதை இறுக்கிக் கட்டியிருப்பார், அல்லது ஒரு ஸ்பிரிங் கழன்றிருக்கும். அடியில் இரைச்சல் அதிகம் என்றால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.

லென்கோ ஆர்மில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அது கத்திமுனை போன்ற விளிம்பின் மேல், வி வடிவ ரப்பர்க் கட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ரப்பர் இத்தனை வருடத்தில் சிதைந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். தொட்டால் கருப்புத் தூளாக உதிரும். பிறகு ஆர்ம் உலோகத்தின் மேல் தளர்ந்து கிடக்கும், ஊசி பள்ளத்தைத் தடவும்போது ஆர்மும் கூடவே ஆடும். மாற்றுக் கட்டைகள் பிளாஸ்டிக்கிலும் பித்தளையிலும் தயாராகின்றன. அவற்றைப் போடாத எல் 75இன் ஒலியை வைத்து அந்த மாடலைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

தோரன்ஸின் விஷயம் சஸ்பென்ஷனில், அதாவது மிதக்கும் தட்டைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பில். பெல்ட்டை மாற்றுவது எல்லோருக்கும் தெரியும், உள்பிளாட்டரையும் புல்லியையும் (பெல்ட் ஓடும் மோட்டார்ச் சக்கரம்) துடைக்கத்தான் மறந்துவிடுகிறார்கள். அதைச் செய்துவிட்டு, பிளாட்டரை நடுவில் லேசாக அழுத்தி விடுங்கள். அது நேராக மேலும் கீழும் சில முறை துள்ளி அடங்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடித்தால் மூன்று ஸ்பிரிங்கின் நட்டுகளையும் சமன் செய்ய வேண்டும். எவ்வளவு திருகியும் சரியாகவில்லை என்றால் ஆர்மிலிருந்து வெளியே போகும் கேபிளைப் பாருங்கள். இந்த மாடலில் மிதக்கும் தட்டையும் நிலையான பெட்டியையும் ஸ்பிரிங்குகளையும் பெல்ட்டையும் தவிர இணைப்பது அந்தக் கேபிள்தான். தரமானது என்று நம்பி விரல் தடிமனில் ஒரு கேபிளைப் போட்டால் அது ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கும், சஸ்பென்ஷனின் பாதி வேலை அங்கேயே போய்விடும். மெல்லிய, வளையும் கம்பி, தளர்வாக ஒரு வளையம் விட்டுக் கட்டியிருக்க வேண்டும். ரெக்கார்டின் மேல் வைக்கும் கனமான எடைக்கும் இதே சிக்கல். அரை கிலோவை நடுவில் வைத்தால் ஸ்பிரிங் அமுங்கும், நீங்கள் சமன் செய்தது எல்லாம் மாறும். அப்படி ஓர் எடை வேண்டுமென்றால் அதை வைத்துக்கொண்டேதான் சமன் செய்ய வேண்டும்.

வேகம் பார்ப்பதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும், அதனால் 33⅓ வேகத்துக்கான ஸ்ட்ரோப் தட்டில் (வேகம் சரியாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் கோடுகள் நிற்பதுபோல் தெரியும் தட்டு) 180 கோடுகள் இருக்கும். இப்போதைய எல்இடி விளக்குகள் பல அப்படி மினுக்குவதில்லை, நியான் விளக்கு வேண்டும். சரி, கோடு அசையாமல் நிற்கிறது, வேகம் சரி என்று முடிவு செய்யலாமா? லென்கோவில் செய்யலாம், மோட்டார் பத்துப் பதினைந்து நிமிடம் சூடான பிறகு. அதில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார் இல்லை, சூட்டுக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப வேகம் கொஞ்சம் மாறும், நெம்புகோலை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். தோரன்ஸில் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பின்பற்றுகிறது, விளக்கும் அதையேதான் பின்பற்றுகிறது. அலைவெண் தவறினால் இரண்டும் சேர்ந்தே தவறும், கோடு அசையாமல் நிற்கும். டெக்னிக்ஸின் ஸ்ட்ரோப் விளக்கும் அதன் உள்ளேயிருக்கும் குவார்ட்ஸில்தான் ஓடுகிறது, சர்க்யூட் பூட்டியிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். அதனால் மூன்றையும் ஒரே அளவுகோலில் அளக்க 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை ரெக்கார்ட் ஒன்று வாங்குங்கள். கணினியில் பதிவுசெய்து அலைவெண்ணைப் பாருங்கள்.

அந்தப் பதிவில் அலைவெண் கோடு நேராக இருக்காது, சீராக ஏறி இறங்கும். 1.8 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் அது பிளாட்டரின் ஒரு சுற்று. உடனே பேரிங்கைக் குறை சொல்லிவிடாதீர்கள். ரெக்கார்டின் ஓட்டை நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலே, நடுவிலிருந்து 100 மி.மீ. தூரத்தில் வேகம் கூட்டியும் குறைத்தும் அரை சதவீதம் மாறும். எம்கே2வுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வேக ஏற்ற இறக்கம் 0.025 சதவீதம். இரண்டும் ஒரே முறையில் அளந்த எண்கள் இல்லை என்றாலும் அளவின் வித்தியாசம் புரிந்திருக்கும். பிழை யாருடையது என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது. பிளாட்டரின் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஏற்றம் உச்சத்துக்கு வரும்போது அது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டை மட்டும் கால் சுற்று திருப்பி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். உச்சம் ரெக்கார்டோடு நகர்ந்தால் பிழை ரெக்கார்டுடையது, டேப் இருக்கும் இடத்திலேயே நின்றால் பிளாட்டருடையது. நகாமிச்சி டிஎக்ஸ்-1000 என்ற டர்ன்டேபிள் ரெக்கார்டைத் தானே நடுவுக்கு நகர்த்தும் பொறியோடு வந்ததற்குக் காரணம் இந்தப் பிழைதான். நீட்டிப் பிடிக்கும் பியானோ சுரம் அலைவதாகத் தோன்றினால், பெரும்பாலும் டர்ன்டேபிளின்மேல் தவறு இருக்காது.

இப்போது ஊசி. லென்கோவில் இருக்கும் பழைய ஊசியை இன்றே கழற்றி வையுங்கள். வைர முனையாக இருந்தாலும் சில நூறு மணி நேரத்திலிருந்து ஆயிரம் மணி நேரம் வரைதான் அதற்கு ஆயுள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது. தேய்ந்த முனை பள்ளத்தின் சுவரை உளிபோல் செதுக்கும், அந்தச் சேதம் ரெக்கார்டில் நிரந்தரம். பிரிக்காத பெட்டியில் இருந்த பழைய சரக்கு என்று விற்கும் ஊசிகளிலும் எச்சரிக்கை வேண்டும். முனை புதிதாக இருக்கும், அதைத் தாங்கும் ரப்பர் இறுகியிருக்கும். புதிதாகத் தயாரான ஊசியே மேல்.

ஆர்முக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் பொருத்தம் பார்ப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆர்மின் செயல்நிறை (ஊசி அசைக்க வேண்டிய நிறை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் (ஊசியின் நெகிழ்வு) எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதால் வகுத்தால் ஒத்ததிர்வு அலைவெண் கிடைக்கும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த ரெக்கார்டும் காலடி அதிர்வும் ஊசியை ஆட்டும், மேலே போனால் பாஸிலேயே மேடு விழும். தோரன்ஸின் டிபி16 ஆர்மின் செயல்நிறை சுமார் 16 கிராம். 6 கிராம் கார்ட்ரிட்ஜ், 1 கிராம் திருகு சேர்ந்தால் 23. கம்ப்ளையன்ஸ் 25 உள்ள மென்மையான கார்ட்ரிட்ஜை அதில் போட்டால் 6.6 ஹெர்ட்ஸ். கம்ப்ளையன்ஸ் 10 என்றால் 10.5 ஹெர்ட்ஸ், அழகாகப் பொருந்தும். தோரன்ஸ் மந்தமாக இருப்பதாகச் சொன்னீர்களே, ஆர்மை மாற்றும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பலர் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து எழுதுகிறார்கள். இந்தக் கணக்குக்கு அதை ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்க வேண்டும். அந்த மடங்கு தோராயம்தான். சோதனை ரெக்கார்டில் ஒத்ததிர்வுக்கான பகுதியை ஓட்டி, ஊசி எந்த அலைவெண்ணில் நடுங்குகிறது என்று கண்ணால் பார்ப்பது நம்பகமானது.

டெக்னிக்ஸின் வறட்சிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளை. எம்எம் (நகரும் காந்தம்) கார்ட்ரிட்ஜின் சுருளும், கேபிளும் ப்ரீஆம்பும் (முன்பெருக்கி) சேர்ந்த கப்பாசிட்டன்ஸும் (மின்தேக்கத் திறன்) இணைந்து மேல் அலைவெண்களில் ஒரு மேட்டை உண்டாக்கும். அரை ஹென்றி சுருளுக்கு 200 பிகோஃபாரட் என்றால் அது 16 கிலோஹெர்ட்ஸ் அருகே வரும், 400 பிகோஃபாரட் என்றால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 11இல் இருந்தால் வயலினும் சிம்பலும் கூர்மையாகக் குத்தும், அதற்கு மேலே சட்டென்று சரியும். அதே கார்ட்ரிட்ஜ், அதே ப்ரீஆம்ப், கேபிள் மட்டும் நீளம் என்றாலே குணம் மாறும். மூன்று டர்ன்டேபிளிலும் கேபிளின் கப்பாசிட்டன்ஸை மீட்டரில் அளந்து, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் கேட்கும் மொத்த அளவுக்குள் கொண்டு வாருங்கள். டெக்னிக்ஸ் வயரிங்கை மாற்ற நல்ல காரணம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். வெள்ளிக் கம்பி போட்டால் ஒலி திறக்கும் என்பதற்கு இதுபோல் கணக்கில் பிடிபடும் காரணம் எதையும் நான் பார்க்கவில்லை.

கார்ட்ரிட்ஜை நேர்கோட்டில் வைப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்கு அச்சிட்ட அளவுத்தாள்கள் நிறையவே கிடைக்கின்றன. பேர்வால்ட் என்ற கணக்கு முறையில் நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரங்களில் ஊசி பள்ளத்துக்குச் சரியான கோணத்தில் நிற்கும். ஹெட்ஷெல்லில் (கார்ட்ரிட்ஜ் மாட்டும் முனைப்பகுதி) ஊசியின் இடத்துக்கு டெக்னிக்ஸ் தரும் 52 மி.மீ. அளவு ரெக்கார்டின் உள்பக்கத்துக்குச் சாதகமானது. இரண்டும் சரிதான், ஆனால் ஒப்பிடும்போது மூன்று ஆர்மிலும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

ஒப்பிடுவது எப்படி என்றால், ஒரே கார்ட்ரிட்ஜை மூன்றிலும் மாற்றி மாற்றி மாட்டுங்கள். ஹெட்ஷெல் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதால் ஒவ்வொரு தடவையும் புதிதாக நேர்செய்ய வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், தவிர்க்க முடியாது. ஒரே ரெக்கார்டின் ஒரே பகுதியை மூன்றிலும் கணினியில் பதிவுசெய்யுங்கள். மூன்று பதிவின் சத்தத்தையும் 0.2 டெசிபெல்லுக்குள் சமன்படுத்துங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக இருக்கும் பதிவைக் காது சத்தம் அதிகம் என்று சொல்லாது, உயிரோட்டம் அதிகம் என்று சொல்லும். பிறகு எது எந்தப் பதிவு என்று தெரியாதபடி வேறு ஒருவரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். இதில் ஒரு குறை உண்டு. அறையில் ஸ்பீக்கர் அலறும்போது டர்ன்டேபிளுக்குத் திரும்பி வரும் அதிர்வு இந்தப் பதிவில் இருக்காது. அதனால் ஸ்பீக்கரை வழக்கமான சத்தத்தில் ஓடவிட்டபடியே ஒரு தடவையும், ஹெட்ஃபோனில் ஒரு தடவையும் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரிந்தால், உங்களுக்குத் தேவை நல்ல மேசை அல்லது சுவர் அலமாரி.

ஐட்லருக்கு பாஸ் அதிகம் என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைச் சொல்கிறவர்கள் பலர் அனுபவசாலிகள், அவர்கள் கேட்டதை நான் மறுக்கவில்லை. வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தில்தான் எனக்குச் சந்தேகம். சத்தமான இடத்தில் ஊசியின் உராய்வு பிளாட்டரைப் பிடித்து இழுக்கும், ஐட்லரின் பலமான மோட்டார் அதற்கு அசையாது என்பார்கள். 2 கிராம் அழுத்தத்தில் ஊசி தரும் உராய்வை விளிம்பில் வைத்துக் கணக்கிட்டால், எம்கே2வின் தொடக்க முறுக்குவிசையான 1.5 கிலோகிராம்-சென்டிமீட்டரில் அது நூறில் ஒரு பங்குகூட வராது. பலம்தான் காரணம் என்றால் டெக்னிக்ஸும் லென்கோவுக்குக் குறையாமல் ஒலிக்க வேண்டும். நீளும் பெல்ட்டில் மட்டும் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு, அங்கே வேகம் மிக மெல்லியதாக ஊசலாடுவதை அளக்க முடிகிறது. அது காதுக்கு எட்டும் அளவா என்பதில் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. எனக்கு அதிகம் பொருத்தமாகப் படுவது வேறு காரணம்: 25 ஹெர்ட்ஸ் பக்கத்து மோட்டார் அதிர்வும் மெல்லிய பெட்டியின் ஒத்ததிர்வும் சேர்ந்து பாஸுக்குக் கனம் இருப்பதுபோல் காட்டுகின்றன. உங்கள் லென்கோவில் இது நடக்கிறதா என்று பார்க்க, பாட்டு இல்லாத பள்ளத்தை ஓட்டி 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை கணினியில் பாருங்கள். அங்கே மேடுகள் நின்றால், நீங்கள் ரசித்த பாஸில் ஒரு பகுதி ரெக்கார்டில் இல்லாதது.

அதனால்தான் மூன்று மாற்றங்களில் லென்கோவின் கனமான பிளின்த்துக்கு என் ஓட்டு. மோட்டார் அதிர்வு நேராகப் பிளாட்டருக்குப் போகும் கருவியில், மேல்தகட்டைப் பல அடுக்கு பிளைவுட்டில் இறுக்கிக் கட்டுவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது, முன்னும் பின்னும் அளந்தும் பார்க்கலாம். எந்த மரம் என்பதில் பெரிய வாக்குவாதம் நடக்கிறது, எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. தோரன்ஸுக்குக் கனமான பெட்டி தேவையில்லை, அந்த வேலையை ஸ்பிரிங் செய்கிறது. வேறு ஆர்ம் போடுவதானால், எடை பழைய ஆர்முக்கு நெருக்கமாக இருக்கட்டும். இல்லையென்றால் மிதக்கும் தட்டு ஒரு பக்கம் சாயும். பழைய ஆர்மின் பேரிங் சுகமாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆன்டி ஸ்கேட்டிங்கை (ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் அமைப்பு) பூஜ்யத்தில் வைத்து, ஆர்ம் மிதக்கும்படி எடையைச் சமன் செய்து, மெல்ல ஊதிப் பாருங்கள். தங்குதடையின்றி நகர்ந்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் பேரிங் நலம். எப்போதும் ஒரே இடத்தில் தட்டி நின்றால் அங்கே சிக்கல் இருக்கிறது. டெக்னிக்ஸில் மின்மாற்றியை வெளியே எடுத்து வைப்பது, ரப்பர் விரிப்பை மாற்றுவது போன்றவற்றில் சிறிய மாற்றம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவசரமே இல்லை. வயதான எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களையும் விரிசல் விட்ட சால்டரையும் பார்ப்பது மட்டும் அவசியம். எந்தக் கருவியிலும் துளை போடாதீர்கள், கழற்றிய உதிரிகளைப் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றில் எதை வைத்துக்கொள்வது என்பதை நான் இங்கிருந்தே சொல்ல முடியாது, பேரிங்கைக் கையில் ஆட்டிப் பார்க்காமல் ஒரு பழைய கருவியைப் பற்றிச் சொல்வது சரியாக இருக்காது. பராமரிக்க எளிது எது என்று மட்டும் கேட்டால் டெக்னிக்ஸ். கையால் வேலை செய்வதில் விருப்பம் என்றால் லென்கோ. தரை அதிரும் அறையில் நல்ல சுவர் அலமாரி கிடைத்தால் தோரன்ஸ். சுத்தம் செய்து எண்ணெய் விட்ட பிறகு 3150 ஹெர்ட்ஸ் பதிவு மூன்றையும், ஒவ்வொன்றின் கேபிள் கப்பாசிட்டன்ஸையும், மூன்று கார்ட்ரிட்ஜின் பெயர்களையும் எழுதுங்கள். தோரன்ஸ் புது பெல்ட்டிலும் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினால் அதன் புல்லி 60 ஹெர்ட்ஸுக்கானது என்று பொருள், அப்படியென்றால் அதையும் குறிப்பிடுங்கள்.